தனக்கே அரைப்பேர் போட்டுக்கொண்டவன்

என் மனைவி ஜெயம்மா இருபத்திரண்டு வருஷமாக என் நிகழ்ச்சிக்குச் சிரித்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோயில் திருவிழா, பொங்கல் விழா, கலியாண வீடு என்று நான் எங்கே மைக்கைப் பிடித்தாலும் வருவாள். கடைசி வரிசையில் உட்காருவாள். கையைக் கட்டிக்கொள்வாள். நான் துரை குரலில் ஏசுவேன், பஸ் கண்டக்டர் குரலில் கூவுவேன், தவளையாகக் கத்துவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். இவள் மட்டும் ஆஸ்பத்திரியில் துண்டுச்சீட்டு எடுத்துவிட்டு நம்பர் கூப்பிடக் காத்திருக்கிறவள் மாதிரி இருப்பாள்.

என் பெயர் கன்னையா. றக்வானைக்கு மேலே ஒரு தோட்டம், அதன் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் வேலை. வயது நாற்பத்தேழு. கோபம் வந்தால் வாய் நிற்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பலகுரல்தான் என் கலை. அதிலும் தோட்டத்து மேனேஜர் துரையின் குரல் என்றால் தோட்டமே காத்திருக்கும். "ஏ மேன்! டைம் என்ன மேன்? அரைப்பேர்! போ!" அவ்வளவுதான், மைதானம் அதிரும். எங்களுக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். ஒழுங்காக வந்து வேலையை முடித்தால் முழுப்பேர் விழும். பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அந்தச் சொல்லைக் கேட்டு வயிறெரியாத ஆள் எங்கள் லயத்து வீடுகளில் கிடையாது. அதனால்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நிகழ்ச்சி மட்டும் வேறு மாதிரி. கலியாணமாகி மூன்று மாதம். மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள், அன்னதானம் முடிந்த மத்தியானம். வயிறு நிறைந்த சனத்தின் முன்னால் ஏறி, தெரிந்த குரல்களையெல்லாம் கொட்டினேன். ஒரு ஈ, காக்கை சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. என் கால் நடுங்கியதை நானே குனிந்து பார்த்தேன். அப்போதுதான் துரை குரலுக்கு ஒரே ஒரு சிரிப்பு வந்தது. 'ஹ்ஹி' என்று எழுந்து பாதியில் நின்றுவிட்டது. மைக் இரைச்சலில் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் டீ மேக்கர் ஐயா. ஃபேக்டரிக்கே அதிகாரி. அவர்தான் சிரித்திருக்கிறார்! வேறு யாருக்கு ரசனை இருக்கிறது இந்தத் தோட்டத்தில்?

அந்த ஒரு சிரிப்பை நம்பித்தான் மறுவருஷம் ஏறினேன். மறுவருஷம் என்ன நடந்தது தெரியுமா? நான் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து இறங்குமுகமே இல்லை. டீ மேக்கர் ஐயா ஓய்வு பெற்றுப் போனபோது நான் தனியாக ஒரு மாலை வாங்கிப் போட்டேன். "என்னத்துக்கு கன்னையா?" என்று கேட்டார். பெரிய மனிதர்கள் செய்த உதவியை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் என் மகள் சுமித்ரா ஒரு வேலை பார்த்தாள். என்னைக் கேட்காமலே நான் துரை குரல் பேசும் வீடியோவை எங்கேயோ அனுப்பிவிட்டாள். இரத்தினபுரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளசுகள் சேர்ந்து ஸ்டாண்ட்-அப் கொமெடி நடத்துகிறார்களாம், பகல் இரண்டு மணிக்கு. ஆளுக்கு எட்டு நிமிஷம்.

"அதென்ன ஸ்டாண்ட்-அப்பு? நாங்க மட்டும் படுத்துக்கிட்டா செய்யுறோம்?" என்றேன்.

போனில் ஒன்றைக் காட்டினாள். வேஷம் கிடையாது, குரல் மாற்றம் கிடையாது, தவளை கூடக் கிடையாது. ஒரு பையன் தன் அப்பா குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். நடுவில் தண்ணீர் வேறு குடிக்கிறான். கூட்டம் சிரிக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வூட்டு அசிங்கத்த ரோட்டுல கொண்டாந்து காயப் போடுறதுக்குப் பேரு கலையா?"

"அதுதாம்ப்பா இப்ப ஸ்டைலு."

இரண்டு நாளில் நடத்துகிறவர்களே பேசினார்கள். ஸும்றா என்று ஒரு பிள்ளை, ஓப்பநாயக்கவிலிருந்து. குரலில் நல்ல மரியாதை.

"அங்கிள், வொய்ஸ் எல்லாம் சூப்பர். ஆனா அதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"நான்தானேம்மா பேசுறேன்?"

"இல்ல அங்கிள். தொர இருக்காரு, கண்டக்டர் இருக்காரு, தவளை இருக்கு. உங்க கதை ஒண்ணு சொல்லுங்களேன். உங்களுக்கு நடந்தது. அப்பதான் தெரியாத ஆளுங்களும் சிரிப்பாங்க."

தெரியாத ஆளுங்க. அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்த சனத்தைத்தான் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்கள் ஒரு மண்டபம் நிறையச் சிரித்தால், நான் நிஜமாகவே கலைஞன். சிரிக்காவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் சாகவும் மனமில்லை.

ஒரு வாரம் என் கதையைத் தேடினேன். காலையில் எழும்புகிறேன், ரோலரில் கொழுந்து போடுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். இதில் என்ன சிரிப்பு இருக்கிறது? தலையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த புதன்கிழமை கொழுந்து லொறியில் போகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட, என்னைப் போகச் சொன்னார்கள். பத்தாம் நம்பர் மலை. லொறி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது, கொழுந்து நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்தது. மலையில் ஐம்பது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே ரோட்டோரத்தில் குந்தி வெற்றிலை மடித்தேன். செடிக்கு மேலே தலைகள்தான் தெரிந்தன. நடு நிரையிலிருந்து ஜெயம்மாவின் குரல்.

"நேத்து நம்மாளு கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு. வாசலுக்கு வந்த நாயி அப்படியே நின்னுருச்சு."

"ம்," என்றாள் பக்கத்து நிரை ராகினி. நாலு பக்கமும் 'ம்' கொட்டினார்கள். கைகள் நிற்கவே இல்லை.

"தொர வேசம். கைய இடுப்புல வச்சுக்கிட்டு, 'ஏ மேன், ஏன் லேட்டு?'ன்னு கேக்குறாரு. கேட்டுப்புட்டு இந்தப் பக்கம் வந்து தலைத்துண்ட அவுத்து, 'பிள்ளைக்கு சொகமில்லைங்க தொரைங்களே'ங்குறாரு. மறுபடி அந்தப் பக்கம் போறாரு. 'அதெல்லாம் தெரியாது மேன், அரைப்பேர்!' மறுபடி இந்தப் பக்கம். நெசமாவே மூஞ்சி செத்துப்போச்சு மனுசனுக்கு."

"ஐயோ பாவம்!"

"நான் அடுப்படியில இருந்து கேட்டேன். ஏங்க, தொரையும் நீங்கதான், ஆளும் நீங்கதான். கேக்க ஆளில்லாத வூட்டுக்குள்ள ஒரு முழுப்பேரு போட்டுக்கிட்டா கொறஞ்சா போயிருவீங்க? அதுக்கு என்னா சொன்னாரு தெரியுமா? 'தொர ஒத்துக்க மாட்டாரு புள்ள'ங்குறாரு!"

நடு நிரை வெடித்தது. பக்கத்து நிரைக்காரிகள் அதை மேலே இருக்கிறவர்களுக்குக் கடத்தினார்கள், அவர்கள் இன்னும் மேலே. சிரிப்பு ஒவ்வொரு நிரையாக மலை ஏறிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். உச்சியில் இருந்தவர்கள் சிரித்தபோது கீழே அடுத்த கதை தொடங்கியிருந்தது. அதிலும் நான்தான். ஜெயம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பும் இல்லை. ஸும்றா கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. மைக் ஒன்றுதான் இல்லை.

அதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு வந்தது ஆத்திரம். நிறுவையில் அவளுடைய பையை நான் தூக்கி லொறிக்குள் வீசிய வீச்சில் கொழுந்து பாதி கொட்டியது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னைய நெரையில வித்துத்தான் கத சொல்றியா? இருபத்திரெண்டு வருசமா ஊரே என்னைய பாத்து சிரிக்குதா?"

அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "சிரிக்கத்தானே நீங்க மேடையேறுறீங்க."

"என் தெறமைக்கு சிரிக்கணும்! நீ அவுத்துவுட்ட கதைக்கு இல்ல!"

"நான் சொல்லாட்டி ஒரு நாயும் சிரிச்சிருக்காது."

"அம்மா!" என்றாள் சுமித்ரா.

சொன்ன பிறகு ஜெயம்மாவுக்கே முகம் மாறிவிட்டது. கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கிப் பேசினாள். "மொத வருசம் நடந்தத பாத்தேன்ல. வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல நீங்க. சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தீங்க. அடுத்த வருசமும் அப்படி ஆனா மனுசன் என்னத்துக்கு ஆவாருன்னு பயந்துட்டேன். அதான் திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னுக்கே நெரையில சொல்லத் தொடங்குனேன். நீங்க கண்ணாடி முன்னாடி படுற பாட்ட சொல்லி வச்சா, மேடையில உங்க மூஞ்சியக் கண்டதும் சிரிப்பாங்கன்னு. சிரிச்சாங்கல்ல?"

சிரித்தார்கள்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தார்கள். இருபத்தொரு வருஷமாக அவள் பற்ற வைத்த அடுப்பில் நான் உலை வைத்துவிட்டு, என் சமையல் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. மகள் முன்னால் அழக்கூடாது என்று தண்ணீர்ப் பீலிக்கரைக்குப் போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். யாரும் தூண்டிவிடாமல், எனக்காக மட்டும் வந்த சிரிப்பு என்று ஒன்றாவது இருக்கிறதா? இருந்தது. முதல் வருஷத்து டீ மேக்கர் ஐயாவின் அந்த அரைச் சிரிப்பு. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

போகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெயம்மா என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி கதிரையில் போட்டிருந்தாள். அவளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நின்றாள்.

"அங்க யாருக்கும் நான் ஒண்ணும் சொல்லி வைக்கல," என்றாள். "போய்ப் பாத்துட்டு வருவோம். வாங்க."

பெல்மதுளை வரும் வரை நாங்கள் பேசவில்லை. அங்கே பஸ் மாறும்போது எனக்கு ஒரு வடை வாங்கித் தந்தாள். நானும் தின்றேன். கோபம் இருந்தது, பசியும் இருந்தது.

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், அவர்களோடு வந்த சிங்களக் கூட்டாளிகள். எல்லாம் என் மகள் வயது. எனக்கு முன்னால் ஏறிய பெண் தன் கலியாணப் பேச்சு மூன்று தரம் முறிந்ததைச் சொன்னாள், மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பிறகு ஸும்றா என் பெயரைக் கூப்பிட்டாள். ஜெயம்மாவும் சுமித்ராவும் கடைசி வரிசைக்குப் போனார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

வேறு வழி தெரியாமல் துரையைத்தான் இறக்கினேன். "ஏ மேன்! டைம் என்ன மேன்?"

ஒன்றும் இல்லை. இருநூறு முகம், இருநூறும் மரியாதையாகப் பார்க்கிறது. கண்டக்டரை இறக்கினேன். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட! முன்னுக்குப் போங்க!" முன்வரிசைப் பையன் ஒருவன் போனை எடுத்து நேரம் பார்த்தான். என் கால் நடுங்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தேன், அதே கால், அதே நடுக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் செருப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது.

தவளைக்குப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெட்கம் கெட்டவன் நான், ஆனாலும் தவளைக்குப் போக மனசு வரவில்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தேன்.

"நீங்க சிரிக்காதது உங்க குத்தம் இல்ல," என்றேன், என் சொந்தக் குரலில். "என் சம்சாரம் உங்க யாருக்கும் முன்கூட்டியே ஒண்ணும் சொல்லி வைக்கல. அதான்."

இரண்டொருவர் நிமிர்ந்தார்கள்.

"எங்க தோட்டத்துல ஒழுங்கா வேல செஞ்சா முழுப்பேரு. பிந்தி வந்தா அரைப்பேரு. நான் பொறந்ததுல இருந்து தொர மாதிரி ஏசிப் பழகுறேன். போன வாரம் கண்ணாடி முன்னாடி நான்தான் தொர, நான்தான் ஆளு. பிந்தி வந்துட்டேன். பிள்ளைக்கு சொகமில்லன்னு கெஞ்சிப் பாத்தேன். தொர கேக்கல. எனக்கு நானே அரைப்பேரு போட்டுட்டேன்."

மண்டபம் சிரித்தது. கடவுளே, சிரித்தது! சிங்களப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் சொல்லிக் கொடுக்க, அவர்கள் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. மேல் நிரைக்குப் போய்ச் சேரும் சிரிப்பு அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நிரையில் கதை மலை ஏறிப் போவதை, நான் உலை வைத்த அடுப்பை, அழுவதற்காக முகம் கழுவப் போனதை. 'தொர ஒத்துக்க மாட்டாரு புள்ள' என்ற இடத்தில் முன்வரிசைப் பையன் போனை உள்ளே வைத்துவிட்டான். ஸும்றா மேடையோரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எட்டு நிமிஷம் முடிந்து மணி அடித்தது போல இருந்தது. நான் நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றேன். "மொத வருசம் நான் தோத்துப்போன அன்னைக்கு, ஒரே ஒரு சிரிப்பு வந்திச்சு. யாரும் சொல்லிக் குடுக்காத சிரிப்பு. எங்க டீ மேக்கர் ஐயா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு முன்னுக்கு இருந்தாரு. அவரு ஒருத்தருதான் எனக்காக சிரிச்ச மனுசன்."

"ஐயே! அவரு தூங்கிக்கிட்டில்ல இருந்தாரு!"

கடைசி வரிசை. ஜெயம்மா எழுந்து நின்றிருந்தாள். மண்டபம் முழுக்கத் திரும்பியது. சுமித்ரா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் தட்டிவிட்டாள். ஐம்பது பேருக்குக் கேட்கும்படி மலையில் பேசிப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை.

"அன்னதானத்துல ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னுட்டுத் தூங்குறாரு மனுசன். கொறட்டை வேற. சிரிச்சது நான்!"

கூரை போகும்படி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கில்தான் கேட்டேன், வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் புள்ள இத்தன வருசமா சிரிக்கல?"

மண்டபம் அடங்கியது. அவளும் கொஞ்சம் அடங்கித்தான் சொன்னாள். "அன்னைக்கு நான் ஒருத்தி சிரிச்சதுக்கு சுத்தி உள்ளவளுக எல்லாம் திரும்பிப் பாத்தாளுக. புதுப் புருசன் மேல உள்ள ஆசையில சிரிக்குறான்னு நக்கல் பண்ணுனாளுக. வாயப் பொத்திக்கிட்டேன். பொஞ்சாதி சிரிச்சா அது கணக்கில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஊரு சிரிச்சாத்தானே நீங்க நம்புவீங்க? அதான் நான் சிரிக்காம, ஊரச் சிரிக்க வச்சேன்."

எனக்கு என் குரல் வரவில்லை. வந்தது துரையின் குரல்தான். கையை இடுப்பில் வைத்தேன்.

"ஏ மேன்! ஜெயம்மாவுக்கு முழுப்பேர் போடு!"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் இல்லாத துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினாள். கண்ணாடி முன்னால் நான் செய்வது அச்சு அசலாக அப்படியே.

"இருபத்திரெண்டு வருசத்துக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க தொரைங்களே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். 'ஹ்ஹி' என்றுதான் அது தொடங்கியது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்தவில்லை.